அதே கப்பல்தானா?

1969-ல் முதல் பயணம் புறப்பட்ட குவீன் எலிசபெத் 2 கப்பலில் 1972-ல் மேல்தளத்தில் சொகுசு அறைகள் கூடுதலாக ஏறின. 1986–87-ல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் நீராவி எந்திரங்களைக் கழற்றிவிட்டு டீசல் எந்திரங்களைப் பொருத்தினார்கள். எந்த அறையோ அதற்கேற்ற உணவுக்கூடம் என்ற ஏற்பாடு மட்டும், கூடங்களின் பெயர்கள் மாறியும், நீடித்தது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு பழைய பயணி ஒருவர் 'இது அந்தக் கப்பலே இல்லை' என்றால் அதை வெறும் முணுமுணுப்பாகத் தள்ளிவிட முடியாது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த புதிர்தான் அது.

அதே கப்பல்தான் என்பது என் கட்சி. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையின் மேல்தான் நடந்தது. அறுபடாத அந்தத் தொடர்ச்சியே அடையாளம். கழற்றிய பாகங்களைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் மடக்கினார். கெட்டிக்காரக் கேள்விதான், ஆனால் குவித்துவைத்த பாகங்கள் இடைக்காலத்தில் கப்பலாகவே இருந்ததில்லையே! அப்படியானால் பயணியின் குறை பொய்யா? பொய்யில்லை. அறையைப் பதிவு செய்தபோது எதிர்பார்த்த பழைய உபசரிப்பை இந்த மாற்றங்களால் அவர் இழந்திருக்கலாம். அதே கப்பல் என்பதால்தான் அதனிடம் கணக்குக் கேட்கவும் முடிகிறது. வேறு கப்பலென்றால் யாரிடம் போய்க் கேட்பது? 2018 முதல் அது துபாயில் ஹோட்டலாக நிற்கிறது. ஓட்டம் நின்றாலும் என் தீர்ப்பு மாறவில்லை.