நாற்றுக்கு ஒரு பெயர்

டோட்முண்டில் எங்கள் பக்கத்து வீட்டு முற்றத்தில் சிவந்த இலைகளோடு ஒரு ஜப்பானிய மேப்பிள் நிற்கிறது. எட்டு வருடங்களுக்கு முன் ஒக்டோபரில் அதன் சிறகு முளைத்த விதைகளைப் பொறுக்கி, ஈர மணலில் கலந்து, மூன்று மாதம் குளிர்பெட்டியில் வைத்தேன். குளிரை அனுபவிக்காமல் இந்த விதை கண் திறவாது. ஏழு முளைத்தன. இரண்டு வெறும் பச்சை. நான்கு தாயைப் போல் சிவப்பு. ஐந்தாவது சட்டியில் இருந்தது மட்டும் எதையும் போல் இல்லை. இளவேனிலில் செப்பு நிறம், கோடையில் பச்சை. இலையின் நடுவிரல் மற்ற விரல்களைவிட நீண்டிருந்தது.

விரல் என்று நான் சொல்வது உவமையாக மட்டுமல்ல. 1784இல் துன்பேர்க் என்ற சுவீடன் நாட்டவர் இந்த மரத்துக்கு வைத்த பெயர் ஏசர் பல்மாட்டும். உள்ளங்கை போன்றது என்று பொருள். ஜப்பானியர் சொல்லும் கயேதே என்ற பெயர் தவளைக்கை என்பதன் திரிபு. டொச் மொழியில் விசிறி மேப்பிள். ஒரே இலையை மூன்று மொழிகள் மூன்று விதமாகப் பார்த்திருக்கின்றன.

நாற்றுமேடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதற்குப் பெயர் வையுங்கள்" என்றார். அன்று தொடங்கியது என் குழப்பம்.

தோட்டக்கலையில் ஒரு விதி உண்டு. பெயர்பெற்ற ஒரு வகையின் விதையில் முளைத்த நாற்று, தாயின் பெயரைச் சூடக்கூடாது. 'பிளட்குட்' மரத்தின் விதையில் வருவது பிளட்குட் அல்ல. அதே மரம் வேண்டுமென்றால் கிளையை வெட்டி ஒட்ட வேண்டும். பெயர் என்பது இங்கே ஒரு வாக்குறுதி: இந்தப் பெயரில் எங்கே வாங்கினாலும் இதே மரம்தான் கிடைக்கும்.

நமக்கோ நேர்மாறாக நடந்தது. குடும்பப்பெயர் இல்லாமல் வந்த நமக்கு, படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதால், தகப்பன் பெயர் குடும்பப்பெயர் ஆனது. என் மனைவியையும் மகளையும் இந்த ஊரில் "ஃபிறவ்" என்று தொடங்கி, ஊரில் பனையடியில் சாரத்தோடு நின்ற என் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். மரத்தின் பிள்ளைக்குக் கிடைத்த சுதந்திரம் மனிதரின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

நான் என் அம்மாவின் பெயரை வைக்க நினைத்தேன். சட்டப்படி தடையில்லை. 1959 முதல் புதிய வகைகளுக்கு லத்தீன் பெயர் ஆகாது, வாழும் மொழி ஒன்றில்தான் வைக்க வேண்டும், தமிழும் ஆகும். ஆனால் ஸீபோல்டின் கதை என்னைத் தடுத்தது.

வூர்ஸ்பேர்க்கில் பிறந்த மருத்துவர் பிலிப் பிரான்ஸ் ஃபொன் ஸீபோல்ட் 1823இல் நாகசாகியின் டெஜிமா தீவுக்குப் போனார். அங்கே குசுமோட்டோ தாக்கி என்ற பெண்ணோடு வாழ்ந்தார். 1827இல் மகள் ஈனே பிறந்தாள். தடைசெய்யப்பட்ட வரைபடங்களை வைத்திருந்ததற்காக 1829இல் அவரை வெளியேற்றினார்கள். தாயும் மகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஐரோப்பா திரும்பியவர், தாம் எழுதிய ஜப்பானியத் தாவர நூலில் ஒரு ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒட்டாக்சா என்று பெயரிட்டார். ஒட்டாக்கிசான் என்று அவர் அழைத்த அதே பெண் அது என்று பின்னாளில் ஜப்பானியத் தாவரவியலாளர் மக்கினோ தொமித்தாரோ கண்டுகொண்டு கடுமையாகக் கண்டித்தார். அதே மக்கினோ, 1928இல் தன் மனைவி சுவே இறந்தபோது, தான் கண்டெடுத்த ஒரு குட்டை மூங்கிலுக்கு அவர் பெயரை வைத்தார்.

இருவரில் யார் சரி? ஸீபோல்ட் வைத்த பெயர் இனப்பெயராக நிலைக்கவில்லை. துன்பேர்க் அந்தச் செடிக்கு முன்பே பெயர் வைத்துவிட்டார். மக்கினோவின் மூங்கிலுக்கு முன்பு பெயர் இருக்கவில்லை. யாருக்காக வைத்தார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த அளவில் மக்கினோ நேர்மையானவர். ஆனாலும் தாக்கியையும் சுவேயையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு பெயர்களும் பெயரிட்டவரின் துயரத்துக்கு மருந்து.

ஒரு புதிய வகைக்கு உரிமை கேட்டு ஹனோவரில் உள்ள அரச அலுவலகத்துக்குப் போனால், அது புதியதா, வேறுபட்டதா, ஒருசீரானதா, நிலையானதா என்று பார்ப்பார்கள். மரங்களுக்கு உரிமை 30 வருடம். அது முடிந்த பின்னும் அந்தப் பெயரிலேயே விற்க வேண்டும் என்பது சட்டம். உரிமை தீரும், பெயர் தீராது. அப்படியானால் பெயர், வைப்பவனுடையது அல்ல. இனிமேல் அதைச் சொல்லி அழைக்கப் போகிறவர்களுடையது. யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பானுக்குப் பெயர் வைத்தவர் யாரென்று நாம் கேட்டதில்லை. கேட்காமலே ஊர் முழுக்க அது நம்முடைய மாம்பழம்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: "அப்பம்மாட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்றிரவே தொலைபேசி எடுத்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காய்க்குமோ?" என்றா.

"இல்லையம்மா, இலைதான் வடிவு."

"பிறகேன் ராசா என்ர பேர்? உனக்கு ஆசையெண்டா ஒட்டி நாலு பேருக்குக் குடு. அவையள் என்னவெண்டு கூப்பிடினமோ அதுதான் பேர்."

இந்த மாசியில் மூன்று கிளைகளை ஒட்டியிருக்கிறேன். அவையும் தாயைப் போலவே செப்பு நிறத்தில் துளிர்க்கின்றனவா என்று சில வருடம் பார்க்க வேண்டும். அதுவரை சட்டியில் கட்டியிருக்கும் துண்டில் "நாற்று 5" என்றே இருக்கிறது.