வெடிக்கு முன்

மின்சாரம் வந்ததும் செயலியின் ஒரு கோர் மட்டும் விழித்து மற்றவற்றை எழுப்பும் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ரிஸ்க்-ஃபைவ் சில்லுகள் பலவற்றில் எல்லாக் கோர்களும் ஒரே இடத்திலிருந்து ஒரே கட்டளையைப் படிக்கத் தொடங்கிவிடுகின்றன. தலைவன் என்று யாருமில்லை. யூ-பூட் என்ற பூட்லோடர் சீட்டுக் குலுக்குகிறது: நினைவகத்தில் ஓர் எண், அதை முதலில் மாற்றிய கோர் பூட் வேலையைத் தொடரும். மற்றவை இன்டரப்ட் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் டபிள்யூஎஃப்ஐ கட்டளையில் நிற்கும். அடுத்த தடவை வேறொன்று முந்தலாம்.

*

ஆங்கிலேயர் காலத்து முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், படகுகள் இரவிலேயே கரைக்காற்றில் கிளம்பிச் சிப்பி விளையும் பாருக்குப் போய்விடும். விடிந்து வெடிச் சத்தம் கேட்கும்வரை யாரும் குதிக்கக் கூடாது. எந்தப் பார், யாருக்கு எந்தக் கல், கயிற்றை யார் பிடிப்பது என்பதெல்லாம் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். வெடி எதையும் விளக்குவதில்லை.

கோர்களுக்கிடையே போகும் இன்டரப்டும் அந்த வெடியைப் போலத்தான். ஒரே ஒரு பிட். எங்கே போவது, எந்த ஸ்டாக் என்பதற்கு அதில் இடமில்லை. அவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதிய வரிசையிலேயே மற்ற கோருக்குத் தெரியும் என்ற உறுதியும் கிடையாது. நடுவில் வரிசையைக் காக்கும் ஃபென்ஸ் கட்டளை இல்லையென்றால், எழுந்த கோர் பழைய குப்பையை முகவரி என்று நம்பிப் போய்விடக்கூடும். பத்து தடவை சரியாக ஓடிப் பதினோராவது தடவை தொங்குகிற பிழை இந்த வகைதான்.

*

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. யூ-பூட் பாதியில் தன்னையே நினைவகத்தின் மேல்முனைக்கு நகல் எடுத்துக்கொண்டு குடிபெயர்கிறது. காத்திருக்கும் கோர்கள் நிற்பதோ பழைய வீட்டில். அந்த இடத்தில் பிறகு லினக்ஸ் கர்னலை இறக்கினால், அவை நின்றுகொண்டிருந்த கட்டளைகளே அழிந்துபோகும். ஆகவே முக்கியக் கோர் புது வீட்டுக்குள் கால் வைக்குமுன் எல்லாருக்கும் இன்டரப்ட் அனுப்பி, புது முகவரியையும் ஸ்டாக்கையும் கொடுத்து, அங்கே போய்க் காத்திருக்கச் சொல்கிறது. வேலை கொடுப்பதற்கல்ல, காத்திருக்கும் இடத்தை மாற்றுவதற்காக ஓர் எழுப்பல்.

டபிள்யூஎஃப்ஐ காரணமின்றியும் திரும்பலாம். ஒன்றும் செய்யாத கட்டளையாகவே அதை அமைக்கவும் ரிஸ்க்-ஃபைவ் விதி இடம் தருகிறது. அதனால் விழித்த கோர் முதலில் தன்னைக் கூப்பிட்டார்களா என்று பிட்டைப் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் மறுபடி காத்திருப்பு.

*

இப்போது குலுக்கல் பெரும்பாலும் யூ-பூட்டுக்குக் கீழே, ஓப்பன்-எஸ்பிஐ ஃபர்ம்வேரில் முடிந்துவிடுகிறது. மற்ற கோர்கள் அங்கேயே நிற்க, கர்னல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, தொடங்கும் முகவரி தந்து கேட்டு வாங்குகிறது. இது நாகரிகமான முறை. குலுக்கலின் சுவாரசியம் மட்டும் இதில் இல்லை.

என்னிடம் உள்ள விஷன்ஃபைவ் 2 போர்டில் கோர்கள் ஐந்து. அவற்றில் ஒன்றுக்கு மெய்நிகர் நினைவக வசதி கிடையாது, அதனால் லினக்ஸ் அதை அழைப்பதே இல்லை. மீதி நான்கில் ஒன்றில் கர்னலே ஓடத் தொடங்கியிருக்கும்; அது அழைக்கும் மூன்றில் ஒன்று பதில் தராவிட்டால் ஒரு நொடி பார்க்கும். பிறகு அது வரவில்லை என்று ஒரு வரி பதிந்துவிட்டு, வந்தவற்றோடு பூட் வேலையைத் தொடரும்.