காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

ஆய்வுக்கூடங்களிலிருந்து வெளிவரும் அறிக்கைகளில் ஒரு சொல் அடிக்கடி இடம்பெறுவதுண்டு. 'கண்டறியப்படவில்லை' என்பதே அச்சொல். உணவுப்பொருளையோ குடிநீரையோ சோதித்தவர் அச்சொல்லை எழுதிக் கையொப்பமிடுகிறார். அதைப் படிப்பவரோ 'இல்லை' என்றே பொருள் கொள்கிறார். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. ஒரு குழந்தையின் உடல்நலமும் ஓர் ஊரின் எதிர்காலமும் அந்த இடைவெளியில் தொலைந்துபோகக்கூடும். தேடியவர் கண்ணுக்குப் படாத பொருள் இல்லாத பொருள் ஆகிவிடுமா? ஆகாதெனில், அந்த ஐயத்தின் சுமையைத் தாங்க வேண்டியவர் யார்? இது அறிவியல் வினா மட்டுமன்று. அறத்தைச் சார்ந்த வினாவுமாகும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள பத்து காவானின் வரலாற்றை அறிந்தவர் இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட மாட்டார். ஆறுகளும் அலையாத்திக் காடுகளும் சூழ்ந்த நிலம் அது. வெல்லஸ்லி மாநிலம் என்று முன்னர் அழைக்கப்பட்ட அப்பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இன்று செம்பனையும் பின்வாங்க, தொழிற்பூங்காவும் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலமும் அங்கே நிமிர்ந்து நிற்கின்றன. வடக்கே சற்றுத் தொலைவில் குவாலா ஜூரு என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. பிறைத் தொழிற்பேட்டையின் கழிவுகள் ஆற்றில் கலந்தமையால் 1970களில் அவ்வூர் மக்கள் தங்கள் மீன்வளத்தையும் மட்டிகளையும் இழந்து தவித்தனர். எந்தக் கருவியின் துணையுமின்றித் தங்கள் ஆறு கெட்டதை அவர்கள் அறிந்தனர். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் பக்கம் நின்றது.

மீன் செத்து மிதந்தால் நஞ்சு உண்டென்று எவரும் ஒப்புவர். மீனும் சாகாமல், நீரும் நிறம் மாறாமல், உண்பவனுக்கு வயிற்றுவலியும் வாராமல் உள்ளே புகுந்து கேடு செய்யும் பொருள்களும் உள்ளன. ஹார்மோன் எனப்படும் இயக்குநீரைப்போல் நடிக்கும் வேதிப்பொருள்கள் அத்தகையவை.

உடலின் சுரப்பிகள் இயக்குநீர்களைக் குருதியில் விடுகின்றன. வளர்ச்சி, பருவமடைதல், கருத்தரித்தல், மூளை முதிர்தல் ஆகிய யாவும் அவற்றின் ஆணைக்கு உட்பட்டவை. ஒவ்வோர் இயக்குநீரும் ஒரு கடிதத்தைப் போன்றது. உரிய உயிரணுவை அடைந்து, செய்ய வேண்டியதை உரைக்கிறது. தலைமையாசிரியரின் கையெழுத்தைப் போலவே எழுதப்பட்ட பொய்க்கடிதம் ஒன்று வகுப்பறைக்கு வருவதாகக் கொள்வோருக்கு இது எளிதில் விளங்கும். ஆசிரியர் அதை மெய்யென்று நம்பி மாணவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பள்ளியில் எவரும் அடிபடவில்லை. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஆயினும் அன்று பாடம் நடக்கவில்லை. போலி இயக்குநீர் செய்யும் கேடும் அவ்வாறானதே. உடைந்ததை மட்டும் தேடுபவருக்கு அது புலப்படாது.

நஞ்சைப் பற்றிய பழைய கோட்பாடு அளவையே அடிப்படையாகக் கொண்டது. மிகுந்தால் எதுவும் நஞ்சு, குறைந்தால் எதுவும் நஞ்சன்று என்னும் கருத்தைப் பதினாறாம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் வலியுறுத்தினார். அக்கோட்பாடு பல பொருள்களுக்குப் பொருந்தும். ஆனால் இயக்குநீரின் உலகமோ நுண்மையின் உலகம். பெண்ணின் ஒரு மில்லிலிட்டர் குருதியில் உள்ள எஸ்ட்ரடயால் என்னும் இயக்குநீரின் எடை, ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அவற்றுள் சில பத்து அல்லது சில நூறு பங்கே ஆகும். அத்துணைச் சிறிய அளவே உடலை ஆளுகின்றதெனில், அதைப்போல் நடிக்கும் பொருளைப் பற்றி 'மிகச் சிறிதளவே உள்ளது' என்று ஆறுதல் கூறுவது எங்ஙனம் முழு ஆறுதலாகும்?

இவ்வுண்மையை அறிவியல் தேடிச் சென்று கண்டதினும் தற்செயலாக எதிர்ப்பட்டது என்பதே பொருந்தும். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்னும் இருவர் மார்பகப் புற்றணுக்களை ஆராய்ந்து வந்தனர். ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண்மை இயக்குநீர் கிடைத்தால் மட்டுமே பெருக வேண்டிய அவ்வணுக்கள், அது இல்லாத கலங்களிலும் ஒருநாள் பெருகத் தொடங்கின. எங்கோ பிழை நேர்ந்ததென்று கருதிய அவ்விருவரும் பல மாதங்கள் ஒவ்வொரு பொருளாக ஐயுற்றுச் சோதித்தனர். குற்றவாளி அவர்கள் பயன்படுத்திய நெகிழிக் குழாயே. அதன் கலவையை மாற்றியிருந்த நிறுவனம் அதனை வணிக மறை என்று கூறி வெளியிட மறுத்தது. ஆய்வாளர்களே முயன்று, குழாயிலிருந்து கசிந்தது நோனைல்பினால் என்னும் பொருள் எனக் கண்டு 1991இல் வெளியிட்டனர். அந்தத் தற்செயலிலிருந்தே, ஒரு பொருள் ஈஸ்ட்ரோஜெனைப்போல் நடிக்கிறதா என்று அணுக்களைக்கொண்டு சோதிக்கும் முறை ஒன்று வளர்ந்தது. சோதனைக்கருவியே சோதிக்கப்படாத பொருளாய் இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காலமும் இச்சோதனைகளுக்கு ஒரு தடையாகும். இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிஞர் 1938இல் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜெனை உருவாக்கினார். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிப் பல நாடுகளில் கருவுற்ற தாய்மாருக்கு அது வழங்கப்பட்டது. அதனால் பயனில்லை என்று சிகாகோவில் நடந்த ஆய்வு 1953இலேயே காட்டியது, வழங்குவதோ நிற்கவில்லை. 1971இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு அரிதாகவே வரும் புற்றுநோய் ஒன்றுக்கு ஆளான எட்டுப் பேரைப் பற்றி அறிவித்தனர். அவர்களுள் எழுவரின் தாய்மார் கருவுற்ற காலத்தில் அம்மருந்தை உண்டவர்கள். தாயைச் சோதித்த எந்தச் சோதனையும் மகளைக் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. சாட்சி சொல்ல வேண்டியவள் அப்போது பிறக்கவே இல்லை.

அதே டாட்ஸ் 1936இல் பிஸ்பினால் ஏ என்னும் பொருளுக்கும் ஈஸ்ட்ரோஜெனின் தன்மை உண்டென்று எலிகளில் கண்டிருந்தார். அவ்வறிவு இருந்தும், 1950களுக்குப் பின் அப்பொருள் கெட்டியான நெகிழிக் கலங்களிலும் உணவுத் தகரங்களின் உட்பூச்சிலும் இடம்பெற்றது. குழந்தைகளின் பால்புட்டியிலும் புகுந்தது. பால்புட்டிகளில் அதனை மலேசியச் சுகாதார அமைச்சு 2012ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலிருந்து தடைசெய்தது. ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை அது தீங்கற்றது என்று 2015இல் கூறிய ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2023இல் அந்த அளவை 0.2 நானோகிராம் என்று குறைத்தது. இது முன்னையதில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இம்முடிவை ஏற்கவில்லை. எனினும் அதுவும் பழைய அளவினும் இருபது மடங்கு குறைந்த அளவையே முன்வைத்தது. உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பினால் ஏ கூடாதென்னும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. இதற்கிடையே, 'பிஸ்பினால் ஏ இல்லாதது' என்று பெயர் பொறித்து வந்த பொருள்கள் சிலவற்றில் அதன் உறவினனாகிய பிஸ்பினால் எஸ் இருந்தது. அதுவும் ஈஸ்ட்ரோஜெனைப்போல் நடிக்க வல்லது. பெயர்ச்சீட்டில் எழுதப்பட்டது பொய்யன்று; ஆனால் முழு உண்மையுமன்று.

தமிழகத்தின் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நடந்தது இவ்வினாவின் கூர்மையை நன்கு காட்டும். காசர்கோடு மாவட்டத்தில் அரசு நிறுவனம் ஒன்றுக்கு உரிய முந்திரித் தோட்டங்களின் மீது எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அடிவாரச் சிற்றூர்களில் ஊனமுற்ற குழந்தைகள் பிறப்பதையும் நோய்கள் மிகுவதையும் உள்ளூர் மருத்துவர் ஒருவர் கண்டு எழுதினார். எண்டோசல்பான் ஈஸ்ட்ரோஜெனைப்போல் இயங்கக்கூடும் என்பதை, டஃப்ட்ஸ் ஆய்வாளர்கள் தங்கள் அணுச்சோதனையால் 1994இலேயே வெளியிட்டிருந்தனர். தெளிப்போ 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது. 2001இல் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பட்ரே என்னும் ஊரின் நீரிலும் மண்ணிலும் மனிதக் குருதியிலும் அந்நஞ்சு மிகுந்திருப்பதாக அறிவித்தது. தோட்ட நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் நடந்த மற்றொரு சோதனையோ நீரிலும் குருதியிலும் எச்சம் காணப்படவில்லை என்றது. ஒரே நிலம், ஒரே மக்கள், இரண்டு அறிக்கைகள். பின்னர் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், அத்தகைய அடிவார ஊர் ஒன்றின் 117 பள்ளி மாணவர்களை, நஞ்சு தெளிக்கப்படாத ஊரின் 90 மாணவர்களோடு ஒப்பிட்டது. அடிவார ஊர்ச் சிறுவர்களிடம் பருவமடைதல் தாமதமாவதையும் பால் இயக்குநீரின் உற்பத்தி பாதிக்கப்படுவதையும் காட்டும் அவ்வாய்வு 2003இல் வெளிவந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடைசெய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது.

அவ்வூர்களின் எல்லாத் துயரங்களுக்கும் அந்த ஒரு நஞ்சே காரணம் என்று அறிவியலார் அனைவரும் ஒப்பவில்லை. அந்தக் கருத்து வேறுபாடு இருக்கட்டும். ஐயம் நிலவிய அத்தனை ஆண்டுகளிலும் அதன் பயன் யாருக்குப் போயிற்று என்பதே அறம் கேட்கும் வினா. ஐயத்தின் பயனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளிப்பது நீதிமன்ற மரபு. அது உயர்ந்த மரபே. ஆனால் அது மனிதருக்காக வகுக்கப்பட்டது. தவறாகத் தண்டிக்கப்பட்டால் மனிதன் மானத்தையும் உரிமையையும் இழக்கிறான். வேதிப்பொருளுக்கு இழப்பதற்கு மானமில்லை, அதன் பிள்ளைகள் பட்டினி கிடப்பதுமில்லை. மனிதனுக்கு உரிய அந்தச் சலுகையை நஞ்சுக்கு அளித்துவிட்டு, நஞ்சுக்கு உரிய ஐயத்தை நோயுற்ற மனிதனின் சொல்லின்மீது செலுத்துவது நீதியைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

இதற்கு மறுப்புரைப்பார் உண்டு. 'எல்லாவற்றையும் ஐயுற்றால் உண்பது எதை? உடுத்துவது எதை? மருந்தும் உரமும் நெகிழியும் இல்லாமல் பெருகிவரும் மக்களைக் காப்பது எங்ஙனம்?' என்று அவர்கள் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அச்சத்தை விதைத்து வாழ்வோரும் உலகில் உள்ளனர். அரைகுறைச் செய்தியைக் கேட்டு நல்ல உணவையும் விலக்கி நலிவோரும் உள்ளனர். வள்ளுவர் திருக்குறளின் 51ஆம் அதிகாரத்திற்குத் தெரிந்துதெளிதல் என்று பெயரிட்டார். ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒருங்கே குற்றமென்று அவர் கண்டார். அரசன் ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அறிவுரை அது. அடுப்படிக்குள் நுழையும் பொருளுக்கும் அது பொருந்தும். எல்லாவற்றையும் வெறுப்பது அறிவன்று. தெரிந்த பின்னரே தெளிய வேண்டும் என்பதே அதன் சாரம். தெளிந்துவிட்டதாக நடித்துவிட்டுப் பின்னர் தெரிந்துகொள்ள முற்படுவதன்று.

ஆகவே மூவருக்குக் கடமை உண்டு. பொருளைப் படைத்து விற்பவர், அது உடலின் இயக்குநீரோடு விளையாடாது என்பதை விற்பதற்கு முன் காட்ட வேண்டும். கெட்டுப்போனவர் அதைப் பின்னர் மெய்ப்பிக்க வேண்டும் என்பது கொடுமை. சோதிப்பவர், எதைத் தேடினார், எத்துணை நுண்மையாகத் தேடினார், எதைத் தேடவில்லை என்பவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். அரசு, சோதனைக்குப் பணம் தருபவரின் விருப்பம் முடிவைத் தொடாதவாறு காத்து, முடிவுகளை மக்கள் அறியச் செய்ய வேண்டும். இவை மூன்றும் நிறைவேறும் வரை, கொதிக்கும் உணவை நெகிழியில் ஊற்றாமல் இருப்பது போன்ற எளிய எச்சரிக்கைகளைக் கைக்கொள்வது அச்சமன்று, அடக்கமாகும். அறியாததை அறியாதது என்று ஒப்பும் அடக்கம் அது.

ஆசிரியர் உலகத்திற்கு இது புதிய பாடமன்று. வினாத்தாளில் பத்து வினாக்களே இடம்பெறுகின்றன. அவற்றுக்கு விடை எழுதாத மாணவனை ஒன்றும் அறியாதவன் என்று முடிவுகட்டும் ஆசிரியர் தவறு செய்கிறார். கேட்கப்பட்டது சிறிது, கேட்கப்படாதது பெரிது என்பதை நல்லாசிரியர் அறிவார். ஆய்வுக்கூடத்தின் அறிக்கையும் ஒரு விடைத்தாளே. அதனைப் படிக்கக் கற்பவர் மதிப்பெண்ணைப் பார்க்குமுன் வினாவைப் பார்க்க வேண்டும்.

பத்து காவானில் கரும்பு வெட்டியவரும் பால் மரம் சீவியவரும் செம்பனைக்கு மருந்தடித்தவரும் தங்கள் கைகளில் பட்டது எதுவென்று கேட்க வாய்ப்பில்லாமலே வாழ்ந்து மறைந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிகளில் அறிவியல் படிக்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அறிக்கையில் கையொப்பமிடுவர். 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும் அந்த நொடியில், அச்சொல்லை ஒரு தாய் எவ்வாறு படிப்பாள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாயின், பள்ளி தன் கடனைச் செய்ததாகக் கொள்ளலாம்.