கடனுக்கு அறுபட்ட சிறுநீரகம்

நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில், வட்டி கட்ட வழியற்ற விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்களிடம் சிறுநீரகத்தை விற்றனர் என்ற செய்தி 2025 ஜூலையில் வெளிவந்து, அரசாங்க விசாரணைக்குப் பின் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை அனுமதி நிறுத்திவைக்கப்பட்ட பிறகும், விற்றவனும் சம்மதித்தான், வாங்கியவனும் பிழைத்தான், இதில் அதர்மம் எங்கே என்று கேட்போர் உண்டு. கடன்காரன் வாசலில் நிற்கையில் கொடுத்த சம்மதம் சம்மதமே அன்று என்பது நம் துணிபு.

போக வேறு வழியும் இருந்து, அதை வேண்டாமென்று ஒதுக்கியவனையே சுதந்திரன் என்கிறோம். தறி நின்றால் கூலி நிற்கும். குழுக் கடனின் தவணையோ நிற்பதில்லை. சம்பா அறுப்பு முடிந்ததும் வேலையற்றுப் போகும் எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயக் கூலியின் நிலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் விசாரித்து, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வின்படி, நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றனர். ஆயினும் நாலில் மூன்று பங்கினர் கடனாளிகளாகவே இருந்தனர். சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 விழுக்காட்டினர் தம் தேக நிலை கெட்டதாகச் சொன்னார்கள். தரித்திரம் நோயைத் தந்தது. நோய் அந்தத் தரித்திரத்தை நிலைப்படுத்தியது. எந்தச் செல்வரும் ஓர் ஏழைக்குச் சிறுநீரகம் விற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நோயையும் வறுமையையும் நம் முன்னோரும் எண்ணிப் பார்த்தனர். மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நல்குரவுக்கும் தனி அதிகாரம் வகுத்தார். சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதை மணிமேகலையில் சாத்தனார் பாடினார். வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகளுள்ள ஆதுலர்சாலைக்கு நிவந்தம் விட்டதைச் சொல்கிறது. சத்திரங்களில் நோயுற்ற வழிப்போக்கருக்கு மருந்தும் பத்திய உணவும் அளிக்கப்படுவதை 1801-இல் கும்பெனி அதிகாரிக்கு எழுதிய சரபோஜி மன்னர், மறு ஆண்டே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். அந்தத் தர்மங்களில் எதுவும், உண்ண வந்தவனிடம் அவன் சரீரத்தை விலை பேசவில்லை.

சிறுநீரகம் கெட்டு, இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கட்டுண்டு காத்திருப்போரின் துயரமும் மெய்யே. அவர்களுக்காகத்தான், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் முறை தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்து வருகிறது. அதைப் பெருக்குவது அரசின் கடமை.

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறவினர் அல்லாதார் உறுப்புக் கொடுக்க வரும்போது, அன்பினால் கொடுக்கிறாரா என்று அனுமதிக் குழு ஆராய்கிறது. அந்தக் குழு அன்பை விசாரிக்கும் முன், வந்தவருக்கு எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டிக்கு என்று விசாரித்து, அந்த விடையையும் கோப்பில் எழுதட்டும்.