தந்தையார் விட்டுச் சென்ற இசைத்தட்டுகள்

ஒருவர் மறைந்தபின் அவர் ஈட்டிய நிலத்தையும் பொன்னையும் பகிர்ந்துகொள்ள வழக்கமும் சட்டமும் வழிகாட்டும். ஆனால், அவர் விரும்பிச் சேர்த்த பொருளை என் செய்வது? அதனைக் காப்பது நன்றியா, பற்றா? இவ்வினா இல்லறத்தார் அனைவர்க்கும் ஒருநாள் எழக்கூடியது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

என் தந்தையார் ஆசிரியப் பணியின் பொருட்டுத் தூத்துக்குடிக் கடற்கரையில் உள்ள கீழவைப்பாரில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். அவர் மறைந்தபின் இரண்டு மரப்பெட்டிகள் நிறைய இசைத்தட்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள். சில பிற்காலத்து வினைல் தட்டுகள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அவற்றில் பாடுகின்றனர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுவரம் ஒலிக்கிறது.

உடன்பிறந்தாரிடையே மூன்று கருத்துகள் எழுந்தன. "பழந்தட்டுகளை வாங்குவோர் உளர், விற்றுவிடலாம்" என்றார் அண்ணன். "அப்பாவின் நினைவாக வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார் அக்கா. "இவை அரக்கினால் ஆனவை. அரக்கு பூச்சியிடமிருந்து வருவது. நம் வீட்டில் இவற்றை வைத்திருத்தல் தகுமா?" என்று கேட்டான் தம்பி. மூன்றாவது வினாவே என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

அவன் கூறியது உண்மையே. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் மொய்த்து வாழும். அவை சுரக்கும் பிசினைக் கிளையினின்று சுரண்டி, உருக்கி, வடித்து எடுப்பர். அம்முயற்சியில் மடியும் உயிர்கள் எண்ணில. அவ்வரக்குடன் கற்பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்ததே பழைய இசைத்தட்டு. சாவகர் விலக்க வேண்டிய பதினைந்து கொடுந்தொழில்களுள் அரக்கு வாணிகத்தையும் நம் ஒழுக்க நூல்கள் எண்ணுவதை வாசகர்கள் அறிவர்.

வினையைச் செய்தல், செய்வித்தல், செய்தாரோடு உடன்படுதல் என்னும் மூன்று வாயில்களாலும் தீமை வந்து சேரும் என்பது நம் கோட்பாடு. தட்டை விலைக்கு வாங்கியவர் ஒருவாறு செய்வித்தவரே. அதனை மரபுரிமையாகப் பெற்றவர் உடன்பட்டவர் ஆவாரா? கடந்துபோன செயலுக்குப் பின்வந்தவர் உடன்பட இயலாது. தட்டை உடைத்தெறிவதால் ஒரு பூச்சியும் உயிர்பெறப் போவதில்லை. அரக்குத் தட்டுகள் செய்யும் தொழிலும் நின்று பல்லாண்டுகள் ஆயின. ஆயினும், "நல்ல இசை கிடைத்ததே, பூச்சி மடிந்தால் என்ன?" என்று எண்ணும் அக்கணமே உடன்பாடு பிறந்துவிடுகிறது. பொருள் பழையது, எண்ணம் புதியது. வினை எண்ணத்தைப் பற்றியே கட்டுப்படுகிறது.

இவ்வுண்மையை உணர்த்தக் கீழவைப்பார்க் கடலே போதும். அக்கடற்கரை முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்றது. மூச்சடக்கி மூழ்குவோர் அள்ளி வரும் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். மிகப் பலவற்றுள் முத்தே இராது. ஆயினும் எல்லாச் சிப்பிகளும் மடியும். தூத்துக்குடிக் கடலில் பழைய முறையிலான முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அது கருணையினால் நின்றதன்று. சிப்பிவளம் குன்றியதால் நின்றது. அவ்வாறே, 1948-இல் அமெரிக்காவில் நெடுநேரம் ஒலிக்கும் வினைல் தட்டுகள் வெளிவந்ததும் பூச்சிகளின்பால் கொண்ட இரக்கத்தாலன்று. அவை எளிதில் உடையா, நெடுநேரம் ஒலிக்கும் என்பதாலேயே. கொலை குறைந்தது நன்றே. ஆனால், வசதியால் நேர்ந்த குறைவு வேறு; அறிந்து விலக்கும் விரதம் வேறு.

இனி அக்காவின் கருத்தை நோக்குவோம். பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முடிபு. வீட்டில் பொருள் இருப்பது மட்டுமே குற்றமாகாது. "இது எனது" என்னும் இறுக்கமே குற்றம். தந்தையார் கீழவைப்பாரில் மாலை வேளைகளில் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்துத் திண்ணையில் வைப்பார். அண்டை அயலார் வந்தமர்ந்து கேட்பர். முத்துக்குளித்த முதியோரும் அவருள் இருப்பர். அன்று தட்டுகள் அவருடையவை; இசை ஊராருடையது. நாம் அவற்றைப் பூட்டி வைத்து ஆண்டுக்கொருமுறை தூசு தட்டினால், அவர் திறந்து வைத்ததை நாம் அடைத்தவர் ஆவோம்.

கேட்பதிலும் ஒரு பாடம் உண்டு. எஃகு ஊசியை ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் ஊசி தேயும். தட்டின் வரியும் தேயும். கிட்டப்பா 1933-இல் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். அக்குரலை இன்றும் கேட்கிறோம் என்று மகிழும்போதே, கேட்கக் கேட்க அதுவும் தேய்கிறது. நிலையாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? நம் முன்னோர் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் வைத்தனர். கும்பகோணத்துச் சமணர்கள் தம்மிடமிருந்த ஏடுகளையும் நூற்பொருளையும் உ.வே. சாமிநாதையர்க்கு மனமுவந்து அளித்தமையாலன்றோ சீவகசிந்தாமணி 1887-இல் செம்மையாக அச்சேறியது! அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புத் தாள்களையும் வாழ்நாளெல்லாம் தொகுத்த ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தார். அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. அது அயல்நாடு செல்லாமல் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. விலை பெற்றும், பொருள் பொதுவாகலாம் என்பதை அது காட்டுகிறது. எனவே அண்ணன் கூறியவாறு விற்பதும் தன்னளவில் இழிவன்று. மீண்டும் ஒருவர் பெட்டியில் அடைபடுமாறு விற்பதே பொருந்தாது.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது: தட்டுகளின் ஒலியைக் கணினியில் பதிந்து கேட்போர்க்கெல்லாம் படி எடுத்துக் கொடுப்பது, தட்டுகளை ஆய்வாளர்க்குப் பயன்படும் பொது நூலகம் ஒன்றிற்கு அளிப்பது. தம்பி ஒன்றை மட்டும் வேண்டினான்: எவ்வுயிரின் இழப்பில் இவ்விசை நம்மை வந்தடைந்தது என்பதைப் பதிவோடு ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும் என்றான். அனைவரும் இசைந்தோம். அக்கா தட்டுகளின் பெயர்களை இப்பொழுது பட்டியலிட்டு வருகிறார்.