‘ஒரே சமயம்’ எங்கே இருக்கிறது?

காலம் ஒரு பொருள் என்பது பழைய இந்தியத் தத்துவ நெறியினரான வைசேடிகரின் துணிபு. மண், நீர், தீ, காற்று, ஆகாயம், திசை, ஆன்மா, மனம் இவற்றோடு அதையும் சேர்த்துத் திரவியங்கள் ஒன்பது என்றார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் வைசேடிகவாதி சொல்வதும் இந்த ஒன்பதைத்தான். காலத்தைக் கண்ணால் காண முடியாது, அடையாளங்களைக் கொண்டு ஊகித்தறிய வேண்டும். முன், பின், மெதுவாக, விரைவாக என்பவற்றோடு ‘ஒரே சமயத்தில்’ என்று நாம் பேசுவதையும் அவர்கள் அடையாளமாகக் காட்டினார்கள். இங்கே ஒன்றும் தொலைவில் ஒன்றும் ஒருங்கே நிகழ்ந்தன என்றால், இரண்டையும் தழுவி நிற்கும் ஒரே காலம் இருந்தாக வேண்டும் அல்லவா? வலுவான வாதம்தான். ஆனால் அந்த ‘ஒரே சமயத்தை’ இன்று செல்போன் வலைப்பின்னல்களில் கருவிகள் உண்டாக்குகின்றன. உண்டாக்கும் விதத்தைப் பார்த்தால் வாதத்தின் அடிக்கல் அசைகிறது.

5ஜி வலைப்பின்னல்கள் பலவற்றில் டவரும் கைபேசியும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன. அக்கம்பக்கத்து டவர்களின் முறை பிசகினால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சலாகிவிடும். அதனால் டவரின் கடிகாரம் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. இதற்கு ‘பிடிபி’ என்றொரு முறை உண்டு. ‘கிராண்ட்மாஸ்டர்’ எனப்படும் தலைமைக் கடிகாரம் தான் அனுப்பிய நேரத்தைக் குறித்து ஒரு செய்தி அனுப்பும். டவர் பதில் அனுப்பும். போய் வந்த மொத்த நேரத்தில் பாதியைப் பயண நேரமாகக் கொண்டு டவர் தன் முள்ளைத் திருத்திக்கொள்ளும். இந்தப் பாதியை யாரும் அளக்கவில்லை. போக ஆன நேரமே வரவும் ஆனது என்று வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஃபைபரில் ஒளி ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 20 செ.மீ. போகும். திரும்பும் ஃபைபர் 600 மீட்டர் நீண்டிருந்தால் அந்த 1.5 மைக்ரோ விநாடியும் தீர்ந்தது. அதை அந்தச் செய்திகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தொலைவில் உள்ள கடிகாரங்களை ஒப்பவைக்க ஐன்ஸ்டைன் 1905இல் வகுத்த விதியும் இதே பாதிக் கணக்குதான். இதில் ஓர் உடன்பாடு ஒளிந்திருப்பதை 1898லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் புவங்காரே சொல்லிவிட்டார்.

செயற்கைக்கோள் ரிசீவரை வைத்துச் சரிபார்த்தால் போயிற்று என்பார் பொறியாளர். அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ரிசீவரும் வானொலி அலை எத்திசையிலும் ஒரே வேகத்தில் வருகிறது என்று கொண்டே கணக்கிடுகிறது. உடன்பாடு இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. கடிகாரத்தையே தூக்கிக்கொண்டு போகலாமென்றால், வேகமும் உயரமும் அதன் ஓட்டத்தை மாற்றுகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். முன்கூட்டியே திருத்தித்தான் ஏவுகிறார்கள்.

வெறும் உடன்பாடு என்றால் பிழை எப்படி நேரும்? 2016 ஜனவரி 26 அன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சில ஒலிபரப்பிய உலக நேரக் கணக்கில் 13 மைக்ரோ விநாடி பிசகு புகுந்து, பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் மணிக்கணக்கில் எச்சரிக்கை எழுப்பின. பலமான ஆட்சேபம் இது. ஆனால் அங்கே முறிந்ததும் உடன்பாடே. எல்லா டவர்களும் ஒன்றுபோல 13 மைக்ரோ விநாடி தள்ளிப்போயிருந்தால் ஒன்றின் முறை மற்றதோடு மோதியிருக்காது. அந்த உலக நேரமே பல நாட்டு ஆய்வகங்களின் நூற்றுக்கணக்கான அணுக் கடிகாரங்களைச் சராசரி பார்த்துப் பாரிஸை அடுத்த செவ்ரில் கணிக்கப்படுவது. இந்த மாதம் கடிகாரங்கள் எவ்வளவு பிசகின என்பது அடுத்த மாத அறிக்கையில்தான் தெரியும்!

அதற்காக எல்லாமே நம் இஷ்டம் என்று ஆகிவிடாது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒளி போக ஏறத்தாழ 6 மில்லி விநாடி ஆகும். அதற்குமேல் இடைவெளி உள்ள இரு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்பதை எந்த உடன்பாடும் புரட்ட முடியாது. காரணம் காரியத்துக்கு முந்தியே தீரும். அந்த 6 மில்லி விநாடிக்குள் மட்டுமே தீர்ப்பு நம்முடையது. ஆக, வைசேடிகர் காட்டிய முன்பின் பெரும்பாலும் தப்பிக்கிறது. வைசேடிகருக்கு மாறாகச் சைவ சித்தாந்தம் காலத்தை என்றுமுள்ள பொருளாகக் கொள்ளாமல் மாயையில் தோன்றிய தத்துவங்களுள் ஒன்றாக வைத்தது. அதைக் கருவிகள் நிரூபித்துவிட்டன என்று சொல்லத் துணிய மாட்டேன். எங்கும் ஒன்றாய் நிற்கும் காலத்துக்குச் சாட்சி சொல்ல ‘ஒரே சமயத்தில்’ என்பதை இனிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது வரைதான் அவை நம்மைக் கொண்டுபோகின்றன.