பின்தங்கிய அணியும் தம்ம வழி நம்பிக்கையும்

(சாமராஜநகரில் பௌர்ணமி உபோசத நாளன்று நிகழ்த்திய அறவுரை)



 

இவ்வூர் இளைஞர் சிலர் நம்மிடம் ஒரு வினா விடுத்தனர். “ஆசையே துக்கத்திற்கு மூலம் என்று பகவான் போதித்தருளினார். அங்ஙனமாயின், தோல்வி முகத்தில் நிற்கும் நம் ஹாக்கி அணி மீண்டெழ வேண்டும் என்று நாங்கள் ஏங்குவதும் குற்றமாகுமோ?” என்பதே அவ்வினா. விளையாட்டைப் பற்றியதுதானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நமக்கு அண்மையிலுள்ள குடகு நாடு ஹாக்கி வீரர்களின் விளைநிலம். 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் தமிழரான வாசுதேவன் பாஸ்கரன். அவ்வணியில் குடகு வீரர் சோமையாவும் இருந்தார். ஆதலின் இவ்விளைஞர் நெஞ்சம் அவ்வாட்டத்தில் ஈடுபடுவதில் வியப்பில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்ச்சியைக் கொள்வோம். டோக்கியோ ஒலிம்பிக் விழா 2021இல் நடைபெற்றது. நம் மகளிர் அணி முதல் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 1–5 என்றும், அடுத்து ஜெர்மனியிடம் 0–2 என்றும், மூன்றாவதில் பிரிட்டனிடம் 1–4 என்றும் தோற்றது. முந்தைய 2016 ரியோ விழாவில் பன்னிரண்டு அணிகளுள் கடைசி இடம் பெற்ற அணி இது. “இனி என்ன இருக்கிறது?” என்று பலர் கைவிட்டனர். ஆனால் நான்காம் ஆட்டத்தில் அயர்லாந்தை 1–0 என்று வென்றது. ஐந்தாவதில் தென்னாப்பிரிக்காவை 4–3 என்று வென்றது. அன்று மூன்று கோல்களை அடித்தவர் வந்தனா கட்டாரியா. அவ்வளவும் செய்தும் போதவில்லை. அயர்லாந்து பிரிட்டனை வென்றிருந்தால் அடுத்த சுற்று கிட்டியிராது. பிரிட்டன் வென்றது, வழி திறந்தது. கால் இறுதியில் ஆஸ்திரேலியாவையே நம் மகளிர் 1–0 என்று வீழ்த்தினர்.

இங்கே தம்மத்தின் பாடம் ஒன்று உளது. எப்பயனும் ஒரே காரணத்தால் விளைவதன்று. பல காரணங்கள் கூடியே விளைகின்றது. அவற்றுள் சில நம் கையில் உள்ளன. சில பிறர் கையில் உள்ளன. நம் கையில் உள்ளதைச் செவ்வனே செய்யத் தூண்டும் விருப்பத்தைச் சந்தம் என்பர். பயன் எனக்கே வந்து சேர வேண்டும், சேராவிடில் பொறேன் என்று பற்றிக்கொள்ளும் வேட்கையைத் தண்ஹா என்பர். பகவான் விலக்கியது இரண்டாவதனை. முதலாவதோ நல்முயற்சிக்கு வேர். ஆகவே இளைஞர்களே, உங்கள் நம்பிக்கை குற்றமன்று. அது எதனைப் பற்றி நிற்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

கோசல நாட்டரசன் பசேநதி, மகத வேந்தன் அஜாதசத்துருவிடம் போரில் தோற்றுச் சாவத்தி நகருக்குள் ஒதுங்கினான். பிக்குகள் அச்செய்தியைப் பகவானிடம் சொன்னார்கள். வென்றவன் பகையை வளர்க்கின்றான், தோற்றவன் துயரில் உறங்குகின்றான், இரண்டையும் கடந்தவனே அமைதி பெறுகின்றான் என்னும் கருத்தை அவர் உரைத்தருளினார். பின்னர் பசேநதி வென்றான்; பகைவனை உயிரோடு பிடித்தும் கொல்லாது விடுத்தான். தோல்வி நிலையானதன்று, வெற்றியும் நிலையானதன்று.

இவ்வுண்மையை மறந்தால் என்ன விளையும்? அவ்வாண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அரை இறுதியில் நம் மகளிர் அர்ஜென்டினாவிடம் 1–2 என்று தோற்றனர். அன்று ஹரித்துவார் மாவட்டத்தில் உள்ள ரோஷனாபாத் ஊரில், வந்தனாவின் இல்லத்தின் முன் சிலர் பட்டாசு வெடித்தனர்; சாதி சொல்லி இழித்தனர்; அணியில் தலித்துகள் மிகுந்ததால்தான் தோல்வி என்றனர். மூன்று கோல் அடித்தபோது நாட்டின் மகள். அணி தோற்றபோது சாதியின் மகள்! பற்றும் செருக்கும் சேர்ந்தால் நம்பிக்கை எவ்வளவு விரைவில் நஞ்சாகின்றது, பாருங்கள்!

அக்குடும்பத்தார் வசைக்கு வசை கூறி நிற்கவில்லை, காவல் நிலையத்தில் முறையிட்டனர், வழக்குப் பதிவாயிற்று. மைத்திரி என்பது வாய்மூடிக் கிடத்தலன்று. அநீதியை அநீதி என்று கூறி, சட்டத்தின் வழியே நீதி தேடி, அதே வேளை நெஞ்சில் பகையை வளர்க்காதிருத்தலே மைத்திரி. வந்தனாவோ இரண்டு நாள் கழித்து வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் இறங்கினார். 0–2 என்று பின்தங்கிய அணி 3–2 என்று முன்னேறியது. அம்மூன்றாவது கோல் அவர் அடித்தது. முடிவில் பிரிட்டன் 4–3 என்று வென்றது. பதக்கம் கிட்டவில்லை. எனினும் அவர் முயற்சியைத் தோல்வி என்று எவர் கூறுவார்?

அன்பர்களே! நாமும் நெடுங்காலமாகப் பின்தங்க வைக்கப்பட்ட அணியே. பண்டித அயோத்திதாசர் 1898இல் தமிழ்நாட்டில் பௌத்த சங்கம் கண்டபோதும், அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்றபோதும், கணக்குப் பார்த்தவர் “இவர்களால் ஆகுமோ?” என்றே நினைத்திருப்பர். அவ்விருவரும் பயனை எண்ணி ஏங்கி அமரவில்லை; செய்யவேண்டியதைச் செய்தனர். நம் பிள்ளைகளின் கல்வி, நம் இல்லத்தின் ஒழுக்கம், பஞ்சசீலம், சங்க ஒற்றுமை — இவை நம் கையில் உள்ள ஆட்டம். உலகம் எப்போது மனம் மாறும் என்பது பிறர் கையில் உள்ள ஆட்டம். முன்னதில் தளராதீர், பின்னதை எண்ணிக் கசந்து போகாதீர்.

இனி நீங்கள் ஹாக்கி ஆட்டம் காணும்போது ஆர்வத்தோடு காணுங்கள். நம் அணி பின்தங்கினால் அதன் முயற்சியை வாழ்த்துங்கள்; எதிரணியின் திறமையையும் போற்றுங்கள். தோற்றால் ஆடியவர்தம் குலத்தைக் கேளாதீர். கேட்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். அதுவே உபாசகர்க்கு அழகு.

மும்மணிகளின் துணை உங்கள் அனைவர்க்கும் உண்டாகுக!